பாப்பாவின் கோடு

அவளுக்கு நாற்பத்தொரு வயது. முன்தலையில் நரை விழுந்து, மூக்குக்கண்ணாடியும் வந்தாகிவிட்டது. இருந்தாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். முன்பு வேலை பார்த்த பட்டறையில் அவளுக்கு டெஸ்டர் என்று பெயர். தானாகத் திறக்கும் வாசல்கதவுகளின் ரிமோட்டுகளைப் பழுது பார்க்கிற பட்டறை அது. செத்துவிட்டதென்று மற்றவர்கள் ஒதுக்கிப் போட்ட ரிமோட்டை எடுத்து, அலைவாங்கிக்கு முன்னால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது பேசுது. கேக்கறதுதான் செவிடாப் போச்சு, கதவைப் போய்ப் பாருங்க" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பட்டறை முதலாளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே தவிர சம்பளத்தைக் கூட்டியதில்லை.

கணவன் ஒரு சாலை விபத்தில் போன பிறகு அவள் ஐந்து மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. அப்போது தாங்கியது அண்ணன்தான், அதை மறுப்பதற்கில்லை. தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தனக்குச் சொந்தமான மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்து அவளைக் குடிவைத்தார். மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவள் பொறுப்புகளையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகத் தாளில் எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற நிலையில் அன்று அவள் இல்லை.

அண்ணனுக்குத் தொழில் நஷ்டம் மதிப்பிடுவது. கிடங்கு எரிந்தால், கடைக்குள் வெள்ளம் புகுந்தால், காப்பீட்டு நிறுவனங்கள் அவரைத்தான் அனுப்பும். சாம்பலைக் கிளறிப் பார்த்து, இங்கே நூறு மூட்டை எரியவில்லை, அறுபதுதான் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷம் அழுகிற முகங்களுக்கு நடுவே நின்று எண்ணிக்கொண்டிருந்ததில், முகத்தை நம்பக் கூடாது என்பது அவருக்குள் ஊறிப்போயிருந்தது. கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் தொல்லை.

ஒருநாள் அவள் இஸ்திரிப்பெட்டியை அணைக்க மறந்து, மேசைவிரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போயிற்று. அடுத்த வாரமே அண்ணன் ஒரு கருவியைக் கொண்டுவந்து மாட்டினார். வாசலுக்கு மேலே இருந்த மீட்டர் பெட்டிக்குள், வீட்டுக்கு வரும் தடித்த மின்கம்பியைக் கவ்விக்கொள்ளும் ஒரு கிளிப். அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டப்பா. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்து கூடத்தில் இருக்கும் பெட்டிக்கு அது ரேடியோவில் சொல்லும். பெட்டி இணையம் வழியாக அண்ணனின் கைபேசிக்குச் சொல்லும். அங்கே அது ஒரு கோடாக மாறும். கெட்டில் போட்டால் கோடு எழும். மின்அடுப்பு போட்டால் இன்னும் உயரும். எதுவும் போடாவிட்டால் படுத்துக்கொள்ளும்.

"உன் நல்லதுக்குத்தான் பாப்பா," என்றார். மின்சாரம் போனாலும் சேதி நிற்கக் கூடாதென்று, இணையப் பெட்டிக்கும் இதற்கும் சேர்த்து ஒரு பேட்டரியும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியோடு வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

"செவ்வாக்கிழமை கோடு பதினோரு மணி வரைக்கும் படுத்தே கிடந்துச்சே?"

"கோடுதானே படுத்திருந்துச்சு. நான் ஜன்னல்கிட்ட உக்காந்து படிச்சிட்டிருந்தேன்."

"ஒரு டீ கூடப் போடாமயா?"

"தண்ணி குடிச்சேன். தண்ணிக்குக் கரண்ட் வேணாம்ணே."

அண்ணி சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டா! எனக்கும் ஒண்ணு மாட்டிடாதீங்க. நான் பகல்ல தூங்குறது வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு தடவை கெட்டில் போட்டிருக்க. யாரு வந்தா?"

"யாரும் வரலை. முதல் டீ ஆறிப்போச்சு."

"ஏன் ஆறிச்சு?"

இந்தக் கேள்விக்கு மனிதர்களிடம் பதில் இருக்கிறதா? டீ ஆறுவதற்குக் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிற வீட்டில் டீ குடிக்க யாருக்கு மனம் வரும்?  அண்ணன் சின்ன நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார்.

மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கோட்டை அச்செடுத்துக் கீழே "சரிபார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோவார். மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடத் தாளைப் பார்த்த நேரம்தான் அதிகம். பட்டறைக்குத் திரும்பிப் போகலாமா என்று அவள் ஒருதரம் அண்ணனிடம் கேட்டாள். "முதல்ல கோடு சரியாகட்டும், அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்," என்றார். வேலைக்குப் போனால் பகலெல்லாம் கோடு படுத்துத்தான் கிடக்கும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருக்கவும் கூடும்.

ஒரு ஞாயிறு, அண்ணன் கை கழுவப் போயிருந்தபோது மேசைமேல் அவர் கோப்பு திறந்து கிடந்தது. மேலே ஒரு படிவம். ஊருக்கு வெளியே, மனநலம் குன்றியவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லத்தின் சேர்க்கைப் படிவம். அவள் பெயர், வயது, இரத்த வகை, இரவு மருந்து எல்லாம் அண்ணனின் அழகான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ஒரே ஒரு கட்டம்தான் காலி. தேதி.

அவள் கோப்பை மூடவில்லை, தொடவுமில்லை. சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போட்டாள். கூடத்தில் அண்ணனின் கைபேசி சின்னதாக முனகியது.

அடுத்த நாளே பழைய சாமான் கடையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரேடியோ வாங்கி வந்தாள். கணவனின் பழைய லேப்டாப்பில் செருகினால், சுற்றியுள்ள அலைகளெல்லாம் திரையில் மழைபோல் வழியும். அந்த மழைக்குள் எட்டு விநாடிக்கு ஒருதரம் ஒரு கீற்று மின்னியது. தலைக்கு மேலிருந்த டப்பா தன்னைப் பற்றிப் பேசும் சத்தம் அது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு மாதம், இரண்டு மாதமில்லை. ஏழு மாதமாக, நாளொன்றுக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல்.

கீற்றைப் பிடித்துப் பெரிதாக்கினால் நெட்டையும் குட்டையுமாகத் துடிப்புகள். ரிமோட்டுகளில் பார்த்துப் பழகிய சங்கதிதான். நெட்டைக்கு ஒன்று, குட்டைக்குச் சுழி என்று கட்டம்போட்ட நோட்டில் எழுதினாள். பிறகு வீட்டையே கேள்வி கேட்கத் தொடங்கினாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு வரி எழுதுவாள். ஒரு பல்பு போட்டு ஒரு வரி. இஸ்திரிப்பெட்டி போட்டு ஒரு வரி. எந்த இடம் மாறுகிறது, எந்த இடம் மாறவில்லை? மாறாத முன்பகுதி டப்பாவின் அடையாள எண். நடுவில் மாறுவது அளவு. கடைசி எட்டுத் துடிப்புகள்தான் படுத்தி எடுத்தன. நடுவில் ஒரு புள்ளி மாறினாலும் அவை தலைகீழாக மாறின. அது காவல் எண் என்று அவளுக்குத் தெரியும். முன்னால் சொன்னதெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பெட்டி ஒத்துப்பார்க்கிற எண். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் காலை பல் தேய்க்கும்போது, அடையாள எண்ணை அவள் கூட்டலில் சேர்க்கவே இல்லை என்பது உறைத்தது. வாய் கொப்பளிக்காமல் ஓடிப்போய்ச் சேர்த்தாள். எல்லா வரிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒத்துப்போயின.

அந்த ஒன்பது நாளும் கோடு தாறுமாறாகத்தான் இருந்தது. "என்ன பண்ற நீ? லைட்டைப் போடுற, அணைக்கிற, போடுற, அணைக்கிற," என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். குரலில் கோபமில்லை; கவலை இருந்தது. கவலைதான் அவளைப் பயமுறுத்தியது.

"சுவிட்சுல தூசிண்ணே. துடைச்சிட்டிருந்தேன்."

அந்த வாரக் கடைசியில் டப்பாவை இழுத்து, வெள்ளித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். அது உள்ளேயே பேசிக்கொண்டிருந்தது; வெளியே கேட்கவில்லை. ஒரு சின்ன மின்னணுப் பலகையில் அலைபரப்பியைப் பொருத்தி அதே அடையாள எண்ணோடு பேசவைத்தாள். நடுவழியில் செத்துப்போகிற ரிமோட்டுகளைப் பார்த்தே பிழைத்தவள் அல்லவா? மின்சாரம் போனால் தன் பலகையும் நின்றுவிடக் கூடாதென்று அதற்குப் பவர் பேங்க் வைத்தாள். கூடத்துப் பெட்டிக்கு வேறுபாடு தெரியவில்லை.

இப்படித்தான் அந்த வீட்டில், கோட்டில் மட்டும் வாழ்கிற இன்னொருத்தி குடிவந்தாள். ஆறரைக்கு எழுவாள். ஆறு ஐம்பதுக்கு டீ. பன்னிரண்டுக்குச் சமையல், நாலரைக்கு மறுபடி டீ, பத்து மணிக்கு விளக்கணைப்பு. ஃபிரிட்ஜ் இடைவிட்டு முனகுவதைக்கூட இவள் விட்டுவைக்கவில்லை. எல்லா நாளும் ஒரேபோல் இருந்தால் சந்தேகம் வருமென்று சில நாள் பத்து நிமிடம் பிந்தி எழச் செய்தாள். ஒரு சனிக்கிழமை இஸ்திரி கூடப் போடவைத்தாள்.

"இந்த மாசம் கோடு அழகா இருக்கு பாப்பா," என்றார் அண்ணன். மருத்துவரும் தாளைப் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார். அந்த வாரத்தில் உண்மையாகவே அவள் இரண்டு நாள் சமைக்கவில்லை. ஒருநாள் மதியம் முழுக்கக் கணவனின் சட்டைகளை மடித்துவைத்துக்கொண்டு அழுதிருந்தாள். அது யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் அழ முடிந்தது ஒரு நிம்மதியாக இருந்தது. ஆனால் அண்ணன் அந்த மற்றவளைப் பார்க்கும் கண்ணில் இருந்த பிரியம், அவளைப் பார்க்கும்போது இவ்வளவு காலம் எங்கே போயிருந்தது?

படிவம் மட்டும் கோப்பிலேயே இருந்தது. தேதி இன்னும் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் வாரம் பட்டறை முதலாளி கூப்பிட்டார். "டெஸ்டர், புது மாடல் ரிமோட் வந்து உயிரை வாங்குது. புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து கை மறந்துபோகலைன்னு காட்டு. சரியா இருந்தா திங்கக்கிழமைலேருந்து வா."

"சம்பளம்?"

"வா, பேசுவோம். வந்ததும் வராததுமா!"

புதன்கிழமை பத்தேகாலுக்கு, மற்றவளை வீட்டில் விட்டுவிட்டு இவள் கிளம்பினாள். பட்டறையில் பன்னிரண்டு ரிமோட்டுகள் கொடுத்தார்கள். பதினொன்றில் கோளாறு எங்கே என்று சொன்னாள். பன்னிரண்டாவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல கோளாறே இல்லை. சோதிக்கிறதுக்காக நல்லதை நடுவுல வெச்சிருக்கீங்க," என்றாள். முதலாளி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, "திங்கக்கிழமை. எட்டரை. லேட்டா வந்தா கதவு திறக்காது," என்றார்.

பேருந்திலிருந்து இறங்கி வருகையில் கால் தரையில் பாவவில்லை. தெருமுனைக்கு வந்ததும் என்னவோ வித்தியாசமாகப் பட்டது. கடைகள் உள்ளே இருண்டு கிடந்தன. கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த தையற்காரர் வாசலில் நாற்காலி போட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் ஓடாதும்மா. கரண்ட் போச்சு."

"எப்ப போச்சு?"

"பன்னெண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. நாலு தெருவும் அவுட். ஒரு சட்டைக்குப் பாதிக் கை தைச்சிருக்கேன், மீதிக் கைக்கு அவன் எங்க போவான்?"

அவள் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டுக்குச் சமையல்.

மூன்று மாடியும் ஓடியே ஏறினாள். வீடு இருட்டாக, அசைவில்லாமல் இருந்தது. மின்விசிறி நின்றுபோயிருந்தது. ஃபிரிட்ஜ் வாயடைத்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் பலகையின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எட்டு விநாடிக்கு ஒருதரம் கண் சிமிட்டியது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது வாட். செத்துக் கிடக்கும் தெருவின் நடுவில், மற்றவள் நிதானமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். தன் பலகை நின்றுவிடக் கூடாதென்று அத்தனை பாடுபட்டவளுக்கு, வீடு நின்றுபோகும் என்று ஒருதரமும் தோன்றவில்லை.

அவள் பவர் பேங்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"உங்கண்ணன் இன்னைக்கு வீட்லதான் இருந்தார். ரிப்போர்ட் எழுதிட்டிருந்தார், கரண்ட் போச்சு, ஃபோனை எடுத்துப் பார்த்தார். அப்படியே எழுந்து வெளிய கிளம்பிட்டார். ஃபைலையும் எடுத்துட்டுப் போறார். என்னடி பண்ண நீ?"

"சமைச்சேன் அண்ணி," என்றாள் அவள். 

அண்ணன் வந்து உட்கார்ந்தார். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார்; எழுந்துபோய் மின்அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். எரிந்த கிடங்குகளில் சாம்பலைத் தொட்டுப் பார்க்கிற கை அது. திரும்பி வந்தார்.

"மதியம் என்ன சமையல்?"

பொய் சொன்னால் அடுப்பு காட்டிக்கொடுக்கும். அவள் உண்மையைச் சொன்னாள். "நான் சமைக்கலைண்ணே. வேலைக்குப் பேசப் போயிருந்தேன். அந்த டப்பா எட்டு விநாடிக்கு ஒருதடவை பேசும். நான் உக்காந்து கேட்டேன். என்ன பேசுதுன்னு புரிஞ்சுது. அப்புறம் அது மாதிரியே நானும் பேச ஆரம்பிச்சேன்."

அண்ணன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, "எத்தனை நாளா குரல் கேக்குது?" என்றார்.

"குரல் இல்லைண்ணே. சிக்னல்."

"சரி. சிக்னல். உன்னைப் பத்தித்தான் பேசுதா?"

"ஆமா. என்னைப் பத்தி மட்டும்தான் பேசும். நீங்கதானே மாட்டினீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.  உண்மையைச் சொல்லச் சொல்லத் தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கோப்பைத் திறந்தார். படிவத்தை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இன்னைக்குத் தேதி என்ன பாப்பா?"

அவள் எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்த பலகையை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, லேப்டாப்போடு இணைத்தாள். அதற்குள் மின்சாரம் வந்து விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது. அவள் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். வீடு மறுபடி நின்றது.

"ஃபோனைக் கையில எடுங்க. ஒரு நம்பர் சொல்லுங்க."

"பாப்பா, இதெல்லாம்..."

"ஒரே ஒரு நம்பர்ணே."

குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில், "ஏழு," என்றார்.

தட்டினாள். எட்டு விநாடி பெரிய நேரம். அண்ணனின் கைபேசியில் ஏழு வாட் என்று வந்தது. அவர் நிமிர்ந்து, அணைந்து கிடந்த விசிறியைப் பார்த்தார். "முந்நூத்திப் பதினொண்ணு," என்றார். வந்தது. "ஒன்பதாயிரம்." வந்தது. கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு அவர் எண் சொல்லவில்லை. பேனா கையிலேயே இருந்தது.

"எந்த மாசத்துலேருந்து இப்படி?" என்றார்.

ஒன்பது வாரமாகத்தான். அதைச் சொல்லிவிட்டால், முந்தைய ஏழு மாதத்துக் கோடெல்லாம் சத்தியமாகிவிடும். படுத்துக் கிடந்த செவ்வாய்க்கிழமைகள், ஆறிப்போன டீ, எல்லாமே. அவள் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணன் கோப்பைப் புரட்டினார். மாதவாரியாக ஒன்பது தாள்கள். ஒவ்வொன்றின் கீழும் சரிபார்த்தேன், சரிபார்த்தேன் என்று அவர் கையெழுத்து. எது எரிந்தது, எது எரியவில்லை என்று அந்தச் சாம்பலிலிருந்து அவரால் சொல்ல முடியவில்லை.

"டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"அடுத்த தடவை கோடு வேணாம். நான் பேசுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அவர் பேனாவை மூடினார். தேதி போடவில்லை. படிவத்தைக் கிழிக்கவுமில்லை, கோப்புக்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை ஓர் எலக்ட்ரீஷியனோடு வந்தார். கிளிப், டப்பா, கூடத்துப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றினார்கள். இணையப் பெட்டி மட்டும் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போவதைப் பற்றி அவள் சொன்னாள். அவர் தலையசைத்தார். "மெலிஞ்சிட்ட. ஒழுங்கா சாப்பிடு," என்றார். "நம்ம மூணு பேருக்கும் டீ போடேன் பாப்பா." அவள் சமையலறையில் இருந்தபோது கூடத்தில் ஏணியை நகர்த்தும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தலைவாரி முடித்தாள். பையில் எடுத்துப்போக ரேடியோவைச் சோதித்துப் பார்ப்போமென்று லேப்டாப்பில் செருகினாள். மழை வழிந்தது. எட்டு விநாடிக் கீற்று இல்லை. அந்த இடம் சுத்தமாக இருந்தது. சற்றுத் தள்ளி, அவள் இதுவரை பார்த்திராத இடத்தில், ஒரு தடித்த கீற்று விழுந்தது. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. அவள் எழுந்து கூடத்தின் குறுக்கே நடந்தாள். அடுத்த கீற்று இருமடங்கு நீளமாக விழுந்தது. அசையாமல் நின்றாள். மறுபடி குட்டையாயிற்று.

வெள்ளிக்கிழமை ஏணி நகர்ந்த கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பார்க்கும்படி அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அது அண்ணனுக்கு என்ன சொல்கிறது என்று பிரித்துப் படிக்க இரண்டு வாரம் ஆகலாம். ஒருவேளை மூன்று. நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி முதல் வரியை எழுதினாள்: நடந்தால் நெட்டை, நின்றால் குட்டை. பிறகு லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலைப் பூட்டினாள். ஏழு ஐம்பதுக்குப் பேருந்து.